இருபது கேள்விக்காக ஓர் ஆண்டு

காரைக்குடியில் இளங்கலைக் கணிதம் முடித்த கையோடு முதுகலையில் சேராமல், ஊருக்குப் பக்கத்திலுள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயார்செய்யப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "மக படிப்ப நிறுத்திட்டான்னுல்ல ஊர்ல பேசுவாக" என்று அம்மா கவலைப்பட்டார். அப்பா அதிகம் பேசவில்லை. அடுத்த ஆண்டு சேர்வதற்கு என்னென்ன சான்றிதழ் வேண்டுமோ அவற்றை எல்லாம் இப்போதே வாங்கி வைத்துவிடு என்று மட்டும் சொன்னார்.

அரசுப் பள்ளிக்குள் நாமாகப் போய்ப் பாடம் நடத்திவிட முடியாது. கடிதம், ஆதார் நகல், பட்டச் சான்று ஆகியவற்றை வாங்கிக்கொண்ட தலைமையாசிரியை, பள்ளி மேலாண்மைக் குழு கூடித் தீர்மானம் போட்ட பிறகுதான் வகுப்புக்குள் விடுவேன் என்று சொல்லிவிட்டார். அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நான் எரிச்சலோடுதான் இருந்தேன்.

இந்தத் தேர்வில் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மனத்திறன் தாளில் 90 கேள்விகள், படிப்பறிவுத் தாளில் 90 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். கணிதப் பட்டதாரி என்ற நினைப்பில் முதல் இரண்டு மாதத்தைக் கணக்கிலேயே செலவழித்த பிறகுதான், படிப்பறிவுத் தாளில் கணக்குக்கு உள்ளவை 20 கேள்விகள், அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் 35, 35 என்பதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அன்றிரவு ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை நானே முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் வாசிப்பில் இருந்தது. கேள்விக்கு ஒரு நிமிடம் என்னும்போது, மூன்று வரிக் கேள்வியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை முடிப்பதற்குள் அந்த நிமிடம் போய்விடும். 'பொருந்தாததைத் தேர்ந்தெடு' என்பதில் 'பொருந்து' வரைக்கும் மட்டும் படித்துவிட்டுச் சரியாகப் பொருந்துகிற விடைக்கே வட்டம் போட்டவர்கள் பதினான்கு பேரில் ஒன்பது பேர். விடை தெரியாமல் தவறு செய்தவர்களைத் திருத்துவது எளிது. விடை தெரிந்தும் தவறு செய்தவர்களை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு தனி. இரண்டு வாரம் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லக் கூடாது, கேட்டிருப்பது என்ன என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று வைத்த பிறகே நிலைமை மாறியது.

மனத்திறனில் கண்ணாடிப் பிம்பக் கேள்விகளைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து நான் களைத்துப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் வேலை பார்ப்பவருடைய மகன் எழுந்து, "அக்கா, எங்கப்பா பூவக் கண்ணாடி மேல ஊத்தித்தான் கல்லுப் போடுவாக, திருப்புனா இந்தப் பக்கம் இருந்த இலை அந்தப் பக்கம் போயிரும்" என்றான். கண்ணாடித் தகட்டில் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டுப் பிறகு திருப்பி எடுக்கும் அந்த வேலையை நான் எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருக்கிறேன். இடமும் வலமும் மாறுவதை ஒரு நாளும் கவனித்ததில்லை. அடுத்த வாரம் அவனே உடைந்த கல் நான்கைக் கொண்டுவந்து அந்தப் பாடத்தை நடத்தினான்.

மார்கழி முழுவதும் பாடத்தைவிடக் காகிதம்தான் ஓடியது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், ஒருவருக்குக் குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் அது இருக்கவே இருக்காது. உதவித்தொகை நேராக வங்கிக் கணக்குக்கு வருவதால் இதையெல்லாம் தேர்வுக்கு முன்பே சரிசெய்துவிடுவது நல்லது. இதே வேலையில் இறங்குகிறவர்கள் ஆடி மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும் என்பேன். நான் தாமதித்ததால் ஒரு பெண்ணின் தாயார் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு அலைய வேண்டியதாயிற்று.

பதினான்கு பேர் எழுதியதில் மூன்று பேர் தேர்வுப் பட்டியலில் வந்தார்கள். கல் கொண்டுவந்தவன் அதில் இல்லை. செய்தியைச் சொல்ல அவன் வீட்டுக்கு நான் போனபோது அவனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு எந்தப் பள்ளியில் சேரலாம் என்பதைத்தான் என்னிடம் கேட்டான்.

முதுகலைச் சேர்க்கையின்போது ஓராண்டு இடைவெளிக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த கோப்பில், மற்றச் சான்றிதழ்களோடு பள்ளி மேலாண்மைக் குழுவின் அந்தத் தீர்மான நகலும் இருந்தது. விளக்கக் கடிதத்தோடு அதை இணைத்துக் கொடுத்தேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.