தொழிலாளியிடம் மூட்டைக் காகிதம், முதலாளியிடம் ஒரு பார்வை

1986 நவம்பர் 6 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சீர்திருத்தச் சட்டத்தை 'பொதுமன்னிப்பு' என்றே அமெரிக்காவில் இன்றும் பேசுகிறார்கள். உண்மையில் அது ஒரு பேரம். ஏற்கெனவே அனுமதியில்லாமல் உள்ளே இருப்பவர்களுக்குக் கிரீன் கார்டு. இனி அப்படி வருபவர்களுக்கு வேலை கொடுக்கும் முதலாளிகளுக்கு அபராதம். முதல் பாதி நடந்தது, சுமார் 27 லட்சம் பேருக்குக் குடியுரிமைக்கு முந்தைய நிரந்தர அனுமதி கிடைத்தது. இரண்டாம் பாதி பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. யாரிடம் எவ்வளவு காகிதம் கேட்டார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும்.

தொழிலாளி 1982 ஜனவரி 1-க்கு முன்பே வந்து, அன்றிலிருந்து அனுமதியில்லாமல் தொடர்ந்து அங்கேயே வசித்ததை நிரூபிக்க வேண்டும். இடையில் ஊருக்குப் போனால் ஒரு பயணம் 45 நாளைத் தாண்டக் கூடாது, எல்லாம் சேர்த்து 180 நாளைத் தாண்டக் கூடாது. வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, மின்கட்டணம், குழந்தையின் பள்ளிப் பதிவு என எது கிடைத்தாலும் கொண்டுவர வேண்டும். தடயம் விடாமல் வாழ்ந்தால்தான் பிழைக்க முடியும் என்று இருந்தவர்களிடம் தடயம் கேட்டார்கள்! சம்பளச் சீட்டு வேறு பெயரில் இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தெரிந்தவர்கள் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். விசாவில் வந்து தங்கிவிட்டவர்கள் பாடு இன்னும் மோசம். விசா காலம் 1982-க்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், அல்லது விதி மீறியது அப்போதே 'அரசுக்குத் தெரிந்திருக்க' வேண்டும். 'அரசு' என்றால் யார் என்பதிலேயே வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன.

விண்ணப்பிக்க 1987 மே 5 முதல் ஓராண்டுதான் அவகாசம். பெரியவருக்கு 185 டாலர், குழந்தைக்கு 50, குடும்பத்துக்கு அதிகபட்சம் 420. அதன்பின் 18 மாதத் தற்காலிக அனுமதி, ஆங்கிலமும் வரலாறும் கற்ற சான்று, பிறகே கிரீன் கார்டு.

விவசாயக் கூலிகளுக்கு மட்டும் வழி தளர்வாக இருந்தது. 1986 மே 1-இல் முடிந்த ஓராண்டில் 90 நாள் வயலில் உழைத்திருந்தால் போதும். ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரர் (நம்மூர் மேஸ்திரி மாதிரி) தரும் கடிதத்தையும் ஏற்றார்கள். யாரும் எதிர்பாராத அளவில் சுமார் 13 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். கடிதங்களில் போலிகள் நிறைய.

இனி முதலாளி பக்கம். ஐ-9 என்பது, வேலைக்குச் சேருபவருக்கு அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் படிவம். அதன் முதல் பகுதியைத் தொழிலாளி வேலைக்குச் சேரும் நாளில் நிரப்புவார். மூன்று வேலை நாளுக்குள் முதலாளி ஆவணத்தைப் பார்த்து இரண்டாம் பகுதியை முடிக்க வேண்டும். அமெரிக்கக் கடவுச்சீட்டு போன்ற ஒன்று, இல்லையென்றால் ஓட்டுநர் உரிமமும் சமூகப் பாதுகாப்பு அட்டையும் (ஒவ்வொருவருக்கும் அரசு தரும் தனி எண் உள்ள அட்டை). பார்த்தால் அசல்போல் தோன்றினால் போதும். குறிப்பிட்ட ஆவணத்தைத்தான் கொண்டு வா என்று வற்புறுத்தினால், அது பாகுபாடு என்று முதலாளி மேலேயே புகார் வரும். அனுமதியில்லாதவரைத் 'தெரிந்தே' வேலைக்கு வைத்தால்தான் குற்றம். 1986 சட்டப்படி அபராதம் முதல் தடவைக்கு ஒரு ஆளுக்கு 250 முதல் 2,000 டாலராக இருந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்களாகக் காட்டிவிட்டால் படிவப் பொறுப்பு அவர் தலையில். போலி அட்டை வியாபாரம் செழித்ததில் வியப்பில்லை. போதாததற்கு, தண்டனைக்குப் பயந்த முதலாளிகள் அந்நியராகத் தெரிந்தவர்களை ஒதுக்கியதாக நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1990-இல் அறிக்கை தந்தது.

அட்டையைக் கணினியில் சரிபார்க்கும் முறை 1997-இல்தான் சோதனையாகத் தொடங்கியது. இன்றைக்கும் நாடு முழுக்க எல்லா முதலாளிக்கும் அது கட்டாயமில்லை. அதிலும் ஓட்டை உண்டு: அட்டை இன்னொருவருடைய உண்மையான அட்டை என்றால் பெயரும் எண்ணும் பொருந்திவிடும், கணினி 'சரி' என்று சொல்லிவிடும்.