ஆஸ்கர் கணிப்புத் தாள்: 97ஆவது விழாவில் எது கைகொடுத்தது, எது கைவிட்டது

97ஆவது ஆஸ்கருக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் குழு போட்ட கணிப்புத் தாளை, முடிவு வந்தபிறகு ஒவ்வொரு வகையாகப் பிரித்துப் பார்த்தோம். அதில் தேறியவை இந்தக் குறிப்புகள். தென்காசியிலோ அம்பையிலோ வள்ளியூரிலோ நாலு பேர் சேர்ந்து அடுத்த தடவை தாள் போட நினைத்தால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எந்தப் படம் நல்ல படம் என்ற பேச்சை முதலில் ஓரமாக வைத்துவிட வேண்டும். ஓட்டுப் போடுகிறவர் யார், எந்தத் தேதிக்குள் போடுகிறார், அதை எப்படி எண்ணுகிறார்கள், இந்த மூன்றைத் தெரிந்துகொள்வதுதான் கணிப்பு. நம் தேசிய விருதுக்கு இந்த வழி ஒத்துவராது. அங்கே நடுவர் குழு உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறது, இறுதிப் போட்டியில் இருந்த படங்களின் பட்டியலும் முன்கூட்டியே வெளிவருவதில்லை. ஆஸ்கர் அப்படியல்ல. அதை வழங்கும் அகாடமியின் சுமார் 10,000 உறுப்பினர்கள் ரகசியமாக ஓட்டுப் போடுகிற தேர்தல் அது. அந்த உறுப்பினர்களில் பலர் அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், நடிகர் சங்கம் ஆகியவற்றிலும் இருக்கிறார்கள். சங்க விருதுகள் சில வாரங்களுக்கு முன்பே வந்துவிடுவதால், ஓட்டுப் பெட்டியின் ஒரு மூலை நமக்குத் திறந்தே கிடக்கிறது.

தாள் போடும் முறை. ஒரு விருது வகைக்கு ஒரு வரிசை. 97ஆவது விழாவில் 23 வகைகள். 98ஆவதிலிருந்து நடிகர் தேர்வுக்கும் தனி விருது வருவதால் 24. பரிந்துரை பெற்றவர்கள், ஆஸ்கருக்கு முன்பே வரும் முன்னோடி விருதுகள், அவை அறிவிக்கப்பட்ட தேதி, மதிப்பெண், கடைசியாக வெல்லும் வாய்ப்பின் சதவீதம் என்று கட்டங்கள். தலைப்பில் விழா எண்ணையும் படம் வந்த ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். 2019இல் வந்த படத்துக்கு 2020இல் விருது கொடுப்பார்கள். இதைக் கலந்துவிட்டால் பழைய கணக்கு முழுவதும் ஓராண்டு தள்ளிப் போய்விடும். இணையத்தில் திரட்டும் பட்டியல்களில் அடிக்கடி தென்படும் பிழை இதுதான்.

சிறந்த படத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் எடை: தயாரிப்பாளர் சங்கம் (பி.ஜி.ஏ.) 5, இயக்குநர் சங்கம் (டி.ஜி.ஏ.) 3, நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருது 2, பிரிட்டிஷ் அகாடமி தரும் பாஃப்டா 2, விமர்சகர்கள் தரும் கிரிட்டிக்ஸ் சாய்ஸ் 1, கோல்டன் குளோப் (நாடகம், இசை அல்லது நகைச்சுவை) இரண்டு பிரிவுக்கும் தலா 1. மொத்தம் 15. இதை 97ஆவது விழாவில் பொருத்தினால், பி.ஜி.ஏ., டி.ஜி.ஏ., கிரிட்டிக்ஸ் சாய்ஸ் மூன்றையும் வாங்கிய ‘அனோரா’வுக்கு 9. நடிகர் சங்கமும் பாஃப்டாவும் தேர்ந்தெடுத்த ‘கான்க்ளேவ்’ படத்துக்கு 4. குளோப் வாங்கிய ‘த ப்ரூட்டலிஸ்ட்’, ‘எமிலியா பெரேஸ்’ இரண்டுக்கும் ஆளுக்கு 1. ‘அனோரா’ வென்றது. கடைசி வாரத்தில் ‘கான்க்ளேவ்’ பக்கம் காற்று திரும்பிவிட்டதாகப் பேச்சு பலமாக இருந்தபோதும் எடை அசையவில்லை.

பி.ஜி.ஏ.வுக்கு ஏன் இவ்வளவு எடை? எண்ணும் முறைதான் காரணம். ஆஸ்கரில் சிறந்த படத்துக்கு மட்டும் விருப்ப வரிசை ஓட்டு. பத்துப் படங்களையும் பிடித்த வரிசையில் எழுதுவார்கள். மற்ற வகைகளில் ஒரே ஒரு பெயர், அதிக ஓட்டு வாங்கியவருக்கு விருது. பி.ஜி.ஏ.வும் விருப்ப வரிசையில்தான் எண்ணுகிறது. 2009இல் ஆஸ்கர் இந்த முறைக்கு மாறியபின் இரண்டும் பிரிந்தது மூன்றே முறை. 2015 படங்களில் ‘த பிக் ஷார்ட்’டுக்குப் பதில் ‘ஸ்பாட்லைட்’, 2016இல் ‘லா லா லேண்ட்’டுக்குப் பதில் ‘மூன்லைட்’, 2019இல் ‘1917’க்குப் பதில் ‘பாரசைட்’.

இந்த எண்ணிக்கையைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் புரியவே புரியாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சி இது. இருபது பேர், குளிக்க எங்கே போகலாம் என்று வரிசைப்படுத்துகிறார்கள். முதல் இடம் கொடுத்தவர்கள்: குற்றாலம் 8, மணிமுத்தாறு 5, அகத்தியர் அருவி 4, உவரிக் கடல் 3. ஜெயிக்கப் பாதிக்கு மேல், அதாவது 11 வேண்டும். யாருக்கும் இல்லை. கடைசியில் நிற்கும் உவரியை எடுத்துவிடுகிறோம். அந்த மூன்று சீட்டிலும் இரண்டாவதாக இருப்பது அகத்தியர் அருவி என்றால் அது 7 ஆகிறது. இப்போது மணிமுத்தாறு 5தான் கடைசி. அந்த ஐந்தில் நாலு அகத்தியர் அருவிக்கும் ஒன்று குற்றாலத்துக்கும் போனால் குற்றாலம் 9, அகத்தியர் அருவி 11. மூன்றாவது இடத்தில் தொடங்கியது ஜெயித்துவிட்டது. குற்றாலத்தை எட்டுப் பேர் உயிராக நினைத்தார்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் கூட்டத்துக்குப் பயந்து அதைக் கடைசியில் எழுதினார்கள். அகத்தியர் அருவியை யாரும் வெறுக்கவில்லை.

படத்திலும் இதையே தேட வேண்டும். ‘இதை யார் கடைசி இடத்தில் எழுதுவார்கள்’ என்ற கேள்விக்குப் பதில் நிறைய இருந்தால், பரிந்துரை எத்தனை இருந்தாலும் சதவீதத்தைக் குறைத்துவிடலாம். பரிந்துரை எண்ணிக்கையை மட்டும் நம்பியவர்களை ‘எமிலியா பெரேஸ்’ கவிழ்த்தது: 13 பரிந்துரை, 2 விருது. அதற்கு முன் ‘லா லா லேண்ட்’ 14 பரிந்துரையோடு வந்து ஆறு விருதோடு போனது, சிறந்த படம் அதில் இல்லை. ‘த ஐரிஷ்மேன்’, ‘கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்’ இரண்டும் பத்துப் பத்துப் பரிந்துரை பெற்று ஒன்றுகூட வாங்கவில்லை. மறுபக்கம் ‘கோடா’ மூன்றே பரிந்துரை, மூன்றும் விருது, சிறந்த படமும் அதுதான். அதற்கு இயக்குநர் பரிந்துரையும் கிடையாது, படத்தொகுப்புப் பரிந்துரையும் கிடையாது. இது இல்லாமல் அது வராது என்கிற பழைய சூத்திரங்களுக்கு எங்கள் தாளில் அதிகபட்சம் ஒரு புள்ளிதான்.

இயக்குநர் வகைக்கு அதிக யோசனை வேண்டாம். டி.ஜி.ஏ. வாங்கியவருக்கு 80 சதவீதத்துக்கு மேல் போடலாம். பிரிந்த ஆண்டுகள் குறைவு. 2012 படங்களில் டி.ஜி.ஏ. வாங்கிய பென் அஃப்லெக்குக்கு ஆஸ்கர் பரிந்துரையே இல்லை. 2019இல் சாம் மெண்டிஸைத் தாண்டி பாங் ஜூன் ஹோ வாங்கினார்.

நடிப்பு வகைகளில்தான் தாள் நன்றாக வேலை வாங்கும். எடை: நடிகர் சங்கம் 4, பாஃப்டா 4, கிரிட்டிக்ஸ் சாய்ஸ் 1, குளோப் 1. படம் சிறந்த படப் பரிந்துரையில் இருந்தால் 1, பி.ஜி.ஏ. வென்ற படமாக இருந்தால் அந்த 1க்குப் பதில் 3. சிறந்த நடிகைக்கு இதைப் போட்டால் டெமி மூருக்கு 4, 1, 1, 1 ஆக 7. மைக்கி மேடிசனுக்கு பாஃப்டா 4, படம் 3 ஆக அதுவும் 7. ஃபெர்னாண்டா டோரஸுக்கு 2. ஊர் முழுக்க டெமி மூர் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தாள் சரிபாதி என்று காட்டியது. மேடிசன் வென்றார். நடிகரில் ஏட்ரியன் ப்ரோடிக்கு 7, நடிகர் சங்க விருது வாங்கிய டிமதி ஷாலமேக்கு 5. ப்ரோடி வென்றார்.

நடிகர் சங்கமும் பாஃப்டாவும் ஆளுக்கொரு பெயர் சொன்னால் எந்தப் பக்கம் சாய்வது? முதன்மை நடிப்பில் சமீப காலமாக பாஃப்டா பக்கம்தான் அதிகம் விழுந்திருக்கிறது: ஒலிவியா கோல்மன், ஆன்டனி ஹாப்கின்ஸ், ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட், எம்மா ஸ்டோன், இப்போது ப்ரோடியும் மேடிசனும். 2016க்குப் பிறகு அகாடமியில் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் உறுப்பினர்கள் நிறையச் சேர்க்கப்பட்டது இதற்கு ஒரு காரணம். நடிகர் சங்க இறுதி ஓட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு உரிமை உண்டு என்பது இன்னொன்று. அத்தனை பேரின் ரசனையும் அகாடமியின் ரசனையும் ஒன்றல்ல. ஆனாலும் பாஃப்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் 95ஆவது விழா போல அடி விழும். அந்த ஆண்டு பாஃப்டாவின் நான்கு நடிப்பு விருதுகளும் ஆஸ்கரோடு பொருந்தவில்லை, நடிகர் சங்கத்தின் நான்கும் பொருந்தின. பாஃப்டா வென்றவர்களில் கெர்ரி காண்டன், பேரி கியோகன் இருவரும் அயர்லாந்துக்காரர்கள். அந்தக் கரையின் சொந்தப் பாசம் என்று தெரிந்தால் பாஃப்டாவின் 4ஐ 2 ஆகக் குறைப்பது இதனால்தான்.

தேதிக் கட்டத்தை யாரும் மதிப்பதில்லை, அதுதான் வருத்தம். 97ஆவதுக்கு இறுதி ஓட்டு 2025 பிப்ரவரி 11 முதல் 18 வரை. பி.ஜி.ஏ.வும் டி.ஜி.ஏ.வும் பிப்ரவரி 8, பாஃப்டா 16, நடிகர் சங்க விழா 23. ஆகவே ஷாலமே மேடையேறிப் பேசியது ஒரே ஒரு ஆஸ்கர் ஓட்டைக்கூட மாற்றியிருக்க முடியாது, பெட்டி மூடி ஐந்து நாள் ஆகியிருந்தது. ஓட்டு முடிந்தபின் வரும் விருதை அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காற்று திரும்புகிறது என்று கடைசி நாளில் சதவீதத்தைத் தூக்கினால் அதற்குக் கணக்கில் ஆதாரம் இல்லை.

திரைக்கதைக்கு எழுத்தாளர் சங்க விருதைப் பார்க்கும்போது, போட்டியில் யார் இல்லை என்பதை முதலில் பாருங்கள். அந்தச் சங்க ஒப்பந்தத்தின் கீழ் எழுதப்படாத படங்கள் அங்கே போட்டியிடவே முடியாது. 2025இல் தழுவல் திரைக்கதைக்கு அங்கே வென்றது ‘நிக்கல் பாய்ஸ்’, தகுதி இல்லாததால் ‘கான்க்ளேவ்’ பட்டியலில் இல்லை. ஆஸ்கர் ‘கான்க்ளேவ்’ படத்துக்குப் போனது.

ஆடையும் கலை இயக்கமும் பழைய காலக் கதைக்கோ கற்பனை உலகத்துக்கோ போகும். 97இல் இரண்டும் ‘விக்கட்’. ஒளிப்பதிவுக்குச் சங்க விருது ‘மரியா’வுக்கு, ஆஸ்கரும் பாஃப்டாவும் ‘த ப்ரூட்டலிஸ்ட்’டுக்கு. சிறந்த படப் பட்டியலில் இல்லாத படத்தைச் சங்கத்து நிபுணர்கள் ரசிப்பார்கள், எல்லாத் துறையும் சேர்ந்து ஓட்டுப் போடும்போது அது மறைந்துவிடும். காட்சி விளைவிலும் இதே கதை. சிறந்த படப் பரிந்துரை பெற்ற படம் அந்த ஐந்தில் இருந்தால் அதற்கே முதல் எடை. 97இல் ‘ட்யூன்: பாகம் இரண்டு’ அப்படித்தான் வந்தது. விதிவிலக்கு 88ஆவது விழா: ‘மேட் மேக்ஸ்’, ‘த மார்ஷியன்’, ‘த ரெவெனன்ட்’ மூன்றையும் தாண்டி ‘எக்ஸ் மெஷினா’ வாங்கியது. அதனால் இங்கே 70க்கு மேல் போவதில்லை.

அனிமேஷனுக்கு, அந்தத் துறையினர் தரும் ஆனி விருதை நம்பாதீர்கள். 2024இலும் 2025இலும் ஆனி ஒரு பக்கம், ஆஸ்கர் ஒரு பக்கம். ‘த வைல்ட் ரோபோ’ ஆனியை அள்ளியது, ‘ஃப்ளோ’ ஆஸ்கர் வாங்கியது. இரண்டு ஆண்டும் சரியாகச் சொன்னது கோல்டன் குளோப்.

பாடல், குறும்படம் இரண்டிலும் நம்மவர்களுக்கு மனசு முந்திக்கொள்ளும். 95ஆவது விழாவில் ‘நாட்டு நாட்டு’ பாடலுக்குக் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ் இரண்டும் இருந்ததால் உயர்ந்த சதவீதம் நியாயம். முதுமலையில் எடுத்த ‘த எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ குறும் ஆவணப்பட விருது வாங்கியது பெரிய சந்தோஷம். ஆனால் அந்த வகையில் முன்னோடித் தடயம் சொற்பம், பாசத்தைச் சதவீதமாக்கினால் அடுத்த முறை தாள் கெட்டுவிடும். குறும்பட வகைகளில் யாருக்கும் 45க்கு மேல் போடக்கூடாது என்பது குழு விதி.

மதிப்பெண் எண்ணிக்கை. யார் அதிகம் சரியாகச் சொன்னார் என்று மட்டும் பார்த்தால் குருட்டுத் துணிச்சல் ஜெயிக்கும். ஒவ்வொரு வகையிலும் பரிந்துரை பெற்ற அனைவருக்கும் சேர்த்து 100ஐப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முடிவு வந்ததும் வென்றவருக்கு 1, மற்றவர்களுக்கு 0 என்று வைத்து, ஒவ்வொருவருக்கும் கொடுத்த சதவீதத்தை 100ஆல் வகுத்து, அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். குறைந்த எண் வாங்கியவர் முதல்வர். 60, 25, 10, 5, 0 என்று பிரித்து முதல் பெயர் வென்றால் 0.235. இரண்டாவது பெயர் வென்றால் 0.935. 95, 5 என்று போட்டு இரண்டாவது பெயர் வென்றால் 1.805. “நாலு விருதும் வாங்கியாச்சே அண்ணாச்சி, நூறே போட்டுருவோம்” என்பவருக்கு இந்த மூன்று எண்ணையும் காட்டினால் போதும். துணை நடிப்பில் கீரன் கல்கின், ஸோயி சல்டானா இருவரும் நடிகர் சங்கம், பாஃப்டா, கிரிட்டிக்ஸ் சாய்ஸ், குளோப் நாலையும் வாங்கியிருந்தார்கள், அங்கேகூட 95தான் உச்சவரம்பு. முதல் தேர்வுக்கு மட்டும் மதிப்பெண் போடும் சுருக்கு வழியும் வேண்டாம். வரவே வராத பெயருக்கு 1 சதவீதம் எழுதிவிட்டு ஒருவர் சுளுவாக முதலிடம் வந்துவிடலாம்.

தாளைப் பூட்டும் நேரம் முதல் நாள் இரவு 10 மணி. விழா நமக்கு விடியற்காலை: 97ஆவது மார்ச் 3 திங்கள் 5.30க்கு. மார்ச் இரண்டாவது ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள் என்பதால், அதன்பின் விழா வந்தால் அதே மாலை 4 மணித் தொடக்கம் நமக்கு 4.30 ஆகிவிடும். 96ஆவது அப்படித்தான் வந்தது. வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிஷம் வரை திருத்தலாம், அதனால் கையெழுத்துப் போட்ட தாளின் படம்தான் செல்லும். கடைசி இடம் வந்தவர் மற்றவர்களுக்குச் சொதிச் சாப்பாடு போட வேண்டும், இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும் அதில் சேர்த்தி.

அடுத்த தாளில் ஒரு மாற்றம் தேவைப்படும். 98ஆவது விழாவிலிருந்து ஒரு வகையில் பரிந்துரை பெற்ற எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அந்த வகையில் இறுதி ஓட்டுப் போடலாம் என்று அகாடமி விதி கொண்டுவந்திருக்கிறது. பார்க்காமலே தெரிந்த பெயரைத் தட்டிவிடும் ஓட்டு இதனால் குறையும். குறும்படம், ஆவணப்படம், அயல்நாட்டுப் படம் ஆகியவற்றில் ஓட்டுப் போடுகிறவர் எண்ணிக்கை சுருங்கி, பெரிய விளம்பரத்தின் பலம் கொஞ்சம் இறங்கலாம். அயல்நாட்டுப் படத்தில் இதுவரை, சிறந்த படப் பட்டியலிலும் இருக்கிற படத்துக்கு 80 கொடுத்துவந்தோம். 97இல் அப்படி இரண்டு இருந்து ‘ஐம் ஸ்டில் ஹியர்’ வென்றது. இனி அந்த 80ஐ 65 ஆக இறக்கி, மிச்சம் 15ஐ மற்றப் படங்களுக்குப் பிரித்துவைக்கிறோம்.