வாலப்: குதிரையோடு வந்து அடியான சொல்

அடிப்பதைக் குறிக்கும் வினைச்சொற்களுக்கு ஆங்கிலத்தில் பஞ்சமே இல்லை. ஹிட், பீட், ஸ்ட்ரைக், ஸ்மேக், த்ராஷ், வேக், தம்ப் என்று அடியின் வேகத்துக்கும் அது எழுப்பும் ஓசைக்கும் ஏற்பத் தனித்தனிச் சொற்கள் உண்டு. அவற்றுள் பிறப்பிலேயே அடியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருந்து, பல நூற்றாண்டுகள் வேறு வேலைகள் பார்த்துவிட்டு, மிகவும் பிந்தி அடிக்க வந்த சொல் என்பதால் 'வாலப்' எனக்குத் தனிச்சுவை உடையதாகத் தோன்றுகிறது. ஓங்கி, முழுப் பலத்தோடு, நயம் பாராமல் அடிப்பதே இதன் இன்றைய பொருள். நம்முடைய 'மொத்துதல்', 'சாத்துதல்' ஆகியவற்றுக்கு மிக அருகில் வரும். அடியின் கடுமையைச் சொல்லும்போதே ஒரு வேடிக்கைத் தொனியும் ஒட்டிக்கொண்டிருப்பதால், சட்ட ஆவணங்களுக்கோ மருத்துவ அறிக்கைகளுக்கோ இச்சொல் பொருந்துவதில்லை. ஓர் அணி இன்னோர் அணியைப் படுதோல்வி அடையச் செய்தது என்று எழுதும் விளையாட்டுச் செய்திகளில் அது இயல்பாக இடம்பெறும்.

எழுத்துக்கூட்டில் தடுமாறுவோர் பலர். டபிள்யூவும் ஏயும் முதலில் வர, நடுவில் எல் இரட்டித்து, அதன்பின் ஓவும் ஒரே ஒரு பியும் வரும். இறந்தகால வடிவத்தை எழுதும்போது பியை இரட்டிக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள், வேண்டியதில்லை. இறுதி அசை அழுத்தம் பெறும் வினைகளில்தான் கடைசி மெய் இரட்டிக்கும் என்பது பொதுவிதி. இங்கே அழுத்தம் இறுதி அசையில் விழாததால், 'டெவலப்', 'கேலப்' ஆகியவற்றைப் போலவே ஒற்றைப் பியே போதும். 'கிட்னேப்', 'வொர்ஷிப்' ஆகிய வினைகள் பிரிட்டிஷ் எழுத்துமுறையில் பியை இரட்டித்து இந்த விதியைக் கலைத்துவிடுவதால், குழப்பத்துக்கு முழுப் பழியையும் எழுதுகிறவர் மேல் போட முடியாது.

உச்சரிப்பில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 'கேலப்' என்ற சொல்லிலும் 'வாலப்' என்ற சொல்லிலும் முதலெழுத்தைத் தவிர மற்ற எழுத்துகள் அனைத்தும் ஒன்றே. ஆயினும் அந்த ஏ என்னும் எழுத்து இரண்டிலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. டபிள்யூவை ஒலிக்க உதடுகள் குவிகின்றன. அந்தக் குவிவு அடுத்த உயிரின் மேலும் படர்ந்து அதை ஒகரத்தின் பக்கம் இழுத்துவிடுகிறது. வாஷ், வாட்ச், வாலட், ஸ்வாலோ எல்லாவற்றிலும் நிகழ்ந்திருப்பது இதுவே. 17ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் நிலைபெற்ற மாற்றம் இது. உயிரைத் தொடர்ந்து ககர ஒலி வந்தால் மட்டும் இம்மாற்றம் நடைபெறுவதில்லை. மெழுகைக் குறிக்கும் 'வேக்ஸ்' பழைய உயிரோடு அப்படியே நிற்பது அதனால்தான். பளீரென்று அடிப்பதைக் குறிக்கும் 'வேக்' என்ற வினையும் அப்படித்தான். ஆக, அடிக்கும் வினைகள் இரண்டை வைத்தே விதியையும் விலக்கையும் விளக்கிவிடலாம்.

இனி, அந்த முதலெழுத்து. சொல்லின் வரலாறு பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'வாலப்' குதிரையின் நாற்கால் பாய்ச்சலைக் குறித்தது. இன்று 'கேலப்' எதைக் குறிக்கிறதோ அதையே. இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். ஜெர்மானிய மொழிகளிலிருந்து பிரெஞ்சு கடன்வாங்கிய சொற்களில் சொல்முதல் டபிள்யூவை நார்மண்டி, பிக்கார்டி முதலிய வடபகுதிகளின் பேச்சு அப்படியே வைத்துக்கொண்டது. பாரிசைச் சுற்றிய பேச்சு அதை ஜியாக மாற்றியது. 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்களோடு வடக்கு வடிவங்கள் வந்தன. பின்னர் பாரிசின் செல்வாக்கு ஓங்கியபோது நடுநாட்டு வடிவங்களும் வந்து சேர்ந்தன. ஆங்கிலமோ இரண்டையும் வீட்டுக்குள் அனுமதித்துத் தனித்தனிப் பொருளைக் கொடுத்து உட்காரவைத்தது. வாரண்டியும் கேரண்டியும், வார்டனும் கார்டியனும், ரிவார்டும் ரிகார்டும் இப்படிப் பிரிந்த உடன்பிறப்புகளே. ஆங்கிலேயரின் வில்லியம் பிரெஞ்சுக்காரரிடம் கியோம் ஆனதும் இதே வழியில்தான்.

இன்னும் பின்னோக்கிப் போனால், பிராங்குகள் பேசிய பழைய ஜெர்மானிய மொழியான பிராங்கிய மொழியில் 'நன்றாக' என்ற பொருளுடைய சொல்லும் 'ஓடு' என்ற வினையும் சேர்ந்து இது உருவானது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அந்த வடிவம் எழுத்தில் கிடைத்ததன்று, மொழியியலாளர் மீட்டுருவாக்கியது. அந்த 'ஓடு' என்ற வினையின் உறவினர்களாக ஆங்கிலத்தில் தாவுவதைக் குறிக்கும் 'லீப்' இருக்கிறது, ஜெர்மனில் ஓடுவதைக் குறிக்கும் 'லாஃபன்' இருக்கிறது. நன்றாக ஓடு என்பதே பொருள் என்றால், இதில் அடி எங்கே வந்தது?

'கேலப்' வந்து குதிரையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு 'வாலப்' வேறு பிழைப்புத் தேடவேண்டியதாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் அது அடுப்பங்கரைக்கு வந்து, பானையில் நீர் தளதளவென்று கொதிப்பதைக் குறித்தது. இந்தப் பொருளின் எச்சம் இங்கிலாந்தின் தேர்தல் வரலாற்றில் கிடைக்கிறது. டான்டன், ஹானிட்டன் போன்ற சில நகரத் தொகுதிகளில், சொந்த அடுப்பில் பானை வைத்துச் சமைக்கும் குடும்பத் தலைவருக்கு வாக்குரிமை இருந்தது. கொதிப்பதைக் குறித்த பழைய ஆங்கில வினையைக் கொண்டு அவர்களைப் 'பாட்வாலர்' என்று அழைத்தார்கள். அவ்வினை வழக்கொழிந்ததும் மக்கள் 'வாலப்' என்பதை அந்த இடத்தில் பொருத்திப் 'பாட்வாலப்பர்' ஆக்கிவிட்டார்கள். 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் அந்தத் தகுதியை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஏற்கெனவே உரிமை பெற்றிருந்தவர்கள் மட்டும் வாழ்நாள்வரை அதை வைத்துக்கொள்ள முடிந்தது.

அடித்தல் என்ற பொருள் 1820 வாக்கில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. குதிரையின் குளம்படி ஓசை, கொதிநீரின் ஓசை, கனத்த உடம்பு தத்தித் தடுமாறி நகரும் ஓசை, பொத்தென்று விழும் அடியின் ஓசை என்று படிப்படியாக நகர்ந்து வந்திருக்கலாம் என்பர் ஒருசாரார். அடியின் ஓசையைப் பின்பற்றித் தனியாகவே தோன்றியிருக்கலாம் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் கலந்திருக்கும் என்பதே என் எண்ணம். கையில் ஏற்கெனவே சத்தமான ஒரு சொல் இருக்கும்போது, அதே சத்தத்தில் இன்னொன்றை யாரும் புதிதாகச் செய்யப் புகமாட்டார்கள். வேறு வேலைக்குரிய சொல் அடிக்கு வந்து சேர்வதும் விந்தையன்று: நாம் அழுக்குத் துணிக்குரிய 'வெளுத்தல்', 'துவைத்தல்' இரண்டையும் மனிதர் மேல் ஏவுகிறோம், முறத்துக்குரிய புடைத்தலும் அப்படியே. ஆங்கிலத்திலும் 'த்ராஷ்' என்பது கதிரடிக்கும் 'த்ரெஷ்' என்ற வினையின் இன்னொரு வடிவம்தான்.

அடி என்ற பொருள் வந்ததும் சொல் கொழுத்தது. 'வாலப்பிங்' என்றால் மிகப்பெரிய என்று பொருள். பெரும் பொய்யையும் பெரும் வெற்றியையும் அப்படிச் சொல்வார்கள். 'தம்பிங்', 'வேக்கிங்' ஆகியவையும் இப்படி அடியிலிருந்து அளவுக்குத் தாவியவையே.

இவ்வளவு வளைந்து வந்த சொல்லுக்கு நேர்க்கோட்டுக் கதை கட்டுவோர் இல்லாமல் இருப்பார்களா? எட்டாம் ஹென்றி காலத்தில், 1514இல், பிரெஞ்சுக் கடற்கரை ஊர்களைத் தாக்கி எரித்த சர் ஜான் வாலப் என்ற தளபதியின் பெயரிலிருந்தே இவ்வினை பிறந்தது என்பது பரவலான கதை. தளபதி உண்மை, தாக்குதலும் உண்மை. ஆனால் அவர் குடும்பப் பெயர் ஹாம்ப்ஷயரில் உள்ள வாலப் என்னும் ஊர்களிலிருந்து வந்தது. அவ்வூர்கள் 1086இல் தொகுக்கப்பட்ட நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏட்டிலேயே இடம்பெற்றுவிட்டவை, குதிரைப் பாய்ச்சலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. தளபதியின் தாக்குதலுக்கும் அடி என்ற பொருள் எழுத்தில் வருவதற்கும் இடையே முந்நூறு ஆண்டுகள் இருக்கின்றன. இத்தனை காலம் ஒரு பொருள் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்தது என்று நம்ப எனக்கு மனமில்லை.

அபத்தம் என்ற பொருளில் வழங்கும் 'காட்ஸ்வாலப்' என்ற சொல்லின் கதையும் இவ்வகைதான். கழுத்தில் கண்ணாடிக் கோலி அடைத்த பானப் புட்டியை 1870களில் உருவாக்கிய ஹைரம் காட் என்பவரின் சரக்கை, பீர் குடிப்பவர்கள் 'காடின் வாலப்' என்று ஏளனம் செய்தார்களாம். பீரை வாலப் என்று அழைக்கும் கொச்சை வழக்கு 20ஆம் நூற்றாண்டில்தான் பதிவாகிறது. காட் 1887இலேயே இறந்துவிட்டார். 'காட்ஸ்வாலப்' எழுத்தில் வருவதோ 1950களின் இறுதியில்.