குப்பியில் மிதக்கும் பச்சை

பச்சையாக மாறிவிட்ட ஏரித் தண்ணீரைக் கண்டால் நான் முதலில் செய்வது, கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிக் குப்பியில் முக்கால் அளவுக்கு அதை மொண்டு மூடி, இரவு முழுவதும் அசைக்காமல் ஒரு மூலையில் வைத்துவிடுவதுதான். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தாலோ, நீரெங்கும் கலந்து நின்றாலோ அது பெரும்பாலும் சாதாரணப் பசும்பாசி. காய்ச்சிய பாலின் மேல் ஆடை நிற்பதுபோல மேலே திரண்டு, குப்பியின் கழுத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையமாக நின்றால், அது அநேகமாக நீலப்பசும்பாசி, அதாவது சயனோபாக்டீரியா. நீரில் நச்சு இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. ஆனால் நுண்ணோக்கி கையில் இல்லாதவருக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

அது மிதப்பதற்குக் காரணம், செல்லுக்குள் கொத்துக் கொத்தாக அமைந்திருக்கும் நுண்ணிய காற்றுக்குழல்கள். புரதத்தாலான சுவரும் உள்ளே வெறும் காற்றும் கொண்டவை அவை. பகலில் ஒளிச்சேர்க்கையால் மாவுப்பொருள் சேரச் சேரச் செல் கனத்துக் கீழே இறங்குகிறது. இருளில் அந்த இருப்பு கரைந்ததும் மீண்டும் மேலே வருகிறது. வெயிலும் சத்தும் வெவ்வேறு ஆழங்களில் கிடைக்கும் ஏரியில் இப்படி ஏறி இறங்கத் தெரிந்த உயிருக்கு மற்றப் பாசிகளைவிடக் கை ஓங்கியிருப்பதில் வியப்பில்லை. காற்றே இல்லாத ஒரு காலையில், "நேற்றுவரை நன்றாக இருந்த ஏரி ராத்திரியோடு ராத்திரியாகப் பச்சையாகிவிட்டது" என்று கரையோர மக்கள் சொல்வதற்கும் இதுவே காரணம். அந்தப் பாசி ஓர் இரவில் பெருகியதல்ல. பல நாட்களாக நீரின் ஆழமெங்கும் பரவிக் கிடந்தது, ஓர் இரவில் மேலே வந்து திரண்டிருக்கிறது.

இந்தக் காற்றுக்குழல்களை ஆராய்ந்த கிளெபான் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1895இல் விவரித்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பாசி மிதக்கும் நீரைக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, தக்கையால் இறுக அடைத்து, அந்தத் தக்கையின் மேல் சுத்தியால் ஓங்கி ஓர் அடி அடிக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் குழல்கள் நசுங்கிப்போக, அதுவரை மிதந்த பாசி முழுவதும் மெல்ல அடியில் போய்ப் படியும். நானும் ஒருமுறை முயன்று ஒரு குப்பியை உடைத்தேன். கெட்டியான குப்பியாகப் பார்த்து எடுப்பது நல்லது.

சுவரில் படர்வதையும், படித்துறையில் வழுக்குவதையும், குளத்தில் மிதப்பதையும் நாம் பாசி என்ற ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டோம். சயனோபாக்டீரியாவோ உட்கரு இல்லாத பாக்டீரியா; ஆனால் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும் ஒளிச்சேர்க்கையை உலகில் முதலில் செய்தது அதன் வம்சம்தான். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வளிமண்டலத்தில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது அதனால்தான். நெற்பயிரின் இலைக்குள் இருக்கும் பசுங்கணிகமும், என்றோ வேறொரு செல்லுக்குள் குடியேறிவிட்ட ஒரு சயனோபாக்டீரியாவின் வழித்தோன்றலே. கென்யாவின் போகோரியா போன்ற உப்பேரிகளில், நாம் சுருள்பாசி என்று மாத்திரையாக வாங்கி விழுங்கும் இனம் இயற்கையாகவே அடர்ந்து பெருகி நீரைக் கரும்பச்சையாக்குகிறது. லட்சக்கணக்கில் அங்கே கூடும் சிறு பூநாரைகளுக்கு அதுவே முதன்மை உணவு, அவற்றின் சிறகுகளின் இளஞ்சிவப்பும் அதிலிருந்து வருவதே. ஆகவே பாசிப் பெருக்கம் என்றாலே ஏரி கெட்டுவிட்டது என்று பொருள் கொள்ளும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அந்த ஏரிக்குள் என்ன வந்து சேர்ந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்குக் கனடாவில் கிடைத்த விடையைப்போலத் தெளிவான ஒன்றை நான் அறிந்ததில்லை. 1960களில் வட அமெரிக்காவின் பேரேரிகள் பச்சையாகிக்கொண்டிருந்தபோது, சலவைத்தூளில் இருந்த பாஸ்பேட்டுதான் காரணம் என்று ஒரு தரப்பும், கார்பன்தான் காரணம் என்று சலவைத்தூள் தொழிலின் பக்கம் நின்றவர்களும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஆய்வகக் குடுவைகளில் செய்த சோதனைகள் இருவருக்கும் சான்று தந்தன. ஒன்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த சிற்றேரிகளில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் ஏரியையே குடுவையாக்கினார்கள். 226 என்ற எண் கொண்ட ஏரி நடுவில் இடுங்கி இரண்டு பாகமாக இருந்தது. 1973இல் அந்த இடுக்கில் ஒரு திரையைக் கட்டி ஏரியை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சையாகிவிட்டது. மற்றது கருநீலமாகவே இருந்தது. வானிலிருந்து அந்த ஏரியை எடுத்த ஒரு படத்தில் இரண்டு பாதிகளுக்கும் நடுவே திரை ஒரு கோடுபோலத் தெரியும். பக்கம் பக்கமான அறிக்கைகளால் முடியாத காரியத்தை அந்த ஒரு படம் சாதித்தது என்றே நினைக்கிறேன். சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்களுக்கு அது பெரும் துணையாக நின்றது.

பக்கத்திலிருந்த 227ஆம் ஏரியில் நடந்தது இன்னும் நுட்பமானது. அங்கே 1969 முதல் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் இட்டு வந்தவர்கள், படிப்படியாக நைட்ரஜனைக் குறைத்து, 1990இல் அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஏரி அதன் பிறகும் கோடையில் பச்சையாகிக்கொண்டுதான் இருந்தது. சில சயனோபாக்டீரியா இழைகளில், சாதாரண செல்களுக்கு இடையிடையே தடித்த சுவர் கொண்ட தனிச் செல்கள் உண்டு. ஆக்சிஜன் புகாத அந்த அறைக்குள் காற்றிலுள்ள நைட்ரஜன் உணவாக மாற்றப்படுகிறது. உழவர் மொழியில் சொன்னால், மணிச்சத்தான பாஸ்பரஸை மட்டும் கொடுத்தால் போதும், தழைச்சத்தான நைட்ரஜனை அது தானே தேடிக்கொள்ளும். வங்காளத்து நெல்வயல் மண்ணை ஆராய்ந்த பி.கே. டே, நீர் தேங்கிய வயலின் தழைச்சத்தில் நீலப்பசும்பாசிக்குப் பங்குண்டு என்று 1939இல் எழுதியதும் இதே திறனைப் பற்றித்தான். அசோலா என்ற நீரில் மிதக்கும் பெரணியைப் போட்டு நடவு செய்யும் நம் ஊர் உழவர்களும், அதன் இலைக்குள் குடியிருக்கும் சயனோபாக்டீரியாவின் உழைப்பைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். வயலில் உரமாகும் அதே திறன்தான் ஏரியில் தொல்லையாகிறது.

ஆனால் பாஸ்பரஸ் ஒன்றைக் கட்டுப்படுத்தினால் எல்லா ஏரிக்கும் போதும் என்ற முடிவை நான் முழுவதும் ஏற்பதில்லை. அதற்கு ஈரி ஏரியே காரணம். பேரேரிகளிலேயே ஆழம் குறைந்தது அது. அதன் மேற்குப் பகுதி இன்னும் ஆழமற்றது, அங்கேதான் மௌமீ ஆறு பரந்த விளைநிலங்களின் உரத்தைச் சுமந்துகொண்டு வந்து கலக்கிறது. கோடையில் அங்கே பெருகும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற சயனோபாக்டீரியா நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுக்கத் தெரியாதது. அதன் நச்சான மைக்ரோசிஸ்டினோ ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த, நைட்ரஜன் தேவைப்படும் பொருள். எவ்வளவு பாசி என்பதைப் பாஸ்பரஸ் தீர்மானித்தாலும், எவ்வளவு நச்சு என்பதில் நைட்ரஜனுக்கும் கை இருக்கிறது. போதாக்குறைக்கு, கப்பல்கள் சாயாமல் இருக்க அடியில் ஏற்றிவரும் நிலைநீரோடு 1980களில் வந்து சேர்ந்த வரிச்சிப்பிகள் மற்றப் பாசிகளைத் தின்று, மைக்ரோசிஸ்டிஸ் திரளை மட்டும் துப்பிவிடுகின்றன.

2014 ஆகஸ்ட் 2 அன்று, ஈரி ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கும் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். சுத்திகரித்த நீரிலேயே மைக்ரோசிஸ்டின், லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்தது. தண்ணீர் சரியில்லை என்றால் காய்ச்சிக் குடி என்றுதான் நம் வீடுகளில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நச்சு கொதியில் அழியாது. காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகி, மிச்சத்தில் நச்சு செறிவாகும். காய்ச்சாதீர்கள் என்று அறிவிப்பிலேயே தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 4 அன்று அந்த அறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது, ஆனால் ஏரியின் பச்சை விலகவில்லை. அடுத்த ஆண்டு, 2015இல், அதைவிடப் பெரிய பெருக்கம் ஏரியில் வந்தது.