கேற்றடிக் கொங்கிறீற் ஏன் வெடிச்சது, என்ன செய்தம்

சுன்னாகத்தில எங்கட வீட்டு கேற்றில இருந்து போட்டிக்கோ மட்டும் போட்ட கொங்கிறீற், ஒரு மாரி முடியேக்கயே வெடிக்கத் தொடங்கீட்டுது. மேசன் வந்து பாத்திட்டு "உது ஒண்டுமில்லை அண்ணை, சீமெந்துப்பால் விட்டாச் சரி" எண்டு ஊத்திப்போட்டுப் போனார். கோடை வர அது செதில் செதிலாக் கழண்டிட்டுது. கழராம என்ன செய்யும், வெயிலுக்கும் மழைக்கும் விரிஞ்சு சுருங்கிற வெடிப்பு, காஞ்ச சீமெந்து இழுபடுமே?

கனடா மச்சான் வட்ஸ்அப்பில பெரிய விளக்கம், வெடிப்புக்குள்ள தண்ணி உறைஞ்சு ஊதுறதாலதானாம். அங்க அது சரி, இஞ்ச எங்கால மச்சான் ஐஸ்.

பேந்து நானே குந்தியிருந்து வடிவாப் பாத்தன். குறுக்கால ஓடினது காயேக்க சுருங்கின வெடிப்பு. 4 இஞ்சித் தடிப்பெண்டா 8, 10 அடிக்கு ஒருக்கா ஒரு இஞ்சி ஆழத்தில வெட்டு விடோணும், எங்கட 30 அடிக்கு ஒண்டுமில்லை, நாங்கள் வெட்டாட்டி அது தான் நினைச்ச இடத்தில வெடிக்கும். அதோட இழுக்கச் சுகமெண்டு தண்ணியையும் கூட்டிக் குழைச்சவை, ஒரு கிழமை ஈரச்சாக்குப் போட்டு வைக்கவுமில்லை. வேப்பமரப் பக்கம் கதை வேற. ஒரு பக்கம் உயர்ந்து, நடக்கேக்க பெருவிரல் தட்டும், அது வேர்.

வெடிப்பு முடியிற இடத்திலயெல்லாம் பென்சிலால கோடு கீறித் திகதி போட்டு விட்டன். குறுக்கு வெடிப்புகள் கோட்டைத் தாண்டேல்லை, வேப்பமரப் பக்கம் தாண்டீட்டுது.

தாண்டாததுகளைக் கோடை வெயிலுக்க கிறைண்டரால அரை இஞ்சி அகலத்துக்கு வெட்டி, கம்பி பிரசால உரஞ்சி, தூசு ஊதி, நல்லாக் காயவிட்டு, அடியில ஸ்பொஞ்சுக் கயிறு அமத்தி, மேல பியூ சீலன்ற் (காஞ்சாலும் றப்பர் மாதிரி இழுபடுற பொலியூறித்தேன் பசை) அடிச்சம். அந்தக் கயிறை விடாதேங்கோ, அது இருந்தாத்தான் சீலன்ற் ரெண்டு பக்கச் சுவரில மட்டும் பிடிச்சு இழுபட்டுக் குடுக்கும், அடியிலயும் ஒட்டினாப் பிஞ்சிடும். மயிரளவு கீறல்களைத் தொடேல்லை.

வேப்பமரப் பக்கத்தை உடைச்செடுத்திட்டு இன்ரலொக் கல்லுப் பதிச்சாச்சு, வேர் தூக்கினாக் கழட்டித் திருப்பிப் பதிக்கலாம். மரத்தைத் தறி எண்டவையும் இருக்கினம், உந்த வெயிலுக்க அந்த நிழலை ஆர் தருவினம்?

சீலன்ற் கறுப்பு, முத்தமெல்லாம் கோடு கோடாத் தெரியுதெண்டு மனிசிக்குச் சரியான கோவம். சாம்பல் நிறத்திலயும் இருக்கு, கேட்டு வாங்குங்கோ.