அப்பாவின் போனில் ஹாலிஃபாக்ஸ் வானிலை

அப்பாவின் போனை மேசையில் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். கருமாதி முடிந்து நான் கனடாவுக்குக் கிளம்பும்போது அண்ணன் என் கையில் கொடுத்தது. சிம் இல்லை. வீட்டு வைஃபையில் சும்மா உயிரோடு இருக்கும். 2022 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை மதியம் அது தானாக ஒலித்தது. எடுத்துப் பார்த்தால் ஹாலிஃபாக்ஸுக்குப் புயல் எச்சரிக்கை. வானிலைப் பட்டியலில் வேதாரண்யத்துக்கும் மேலே என் ஊரைத்தான் அப்பா வைத்திருந்தார்.

2016இல் நான் இங்கே வந்த நாளிலிருந்து தினமும் பார்ப்பார். ஆயக்காரன்புலத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னிக்கு மைனஸ் பதினஞ்சு" என்று உள்ளூர்ச் செய்தி போலச் சொல்வாராம். துக்கம் கேட்க வந்த டீக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அங்க இப்பக் குளிர் விட்டுருச்சா?" என்றார். அந்த வீட்டில் அன்று நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ஆகஸ்டில் ஓர் இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் கூப்பிட்டார். ஊரில் அப்போது விடிகாலை ஐந்தரை. அந்த நேரத்து அழைப்பு என்றாலே வயிறு கலங்கும்.

"அப்பா போயிட்டாங்கடா."

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "நீ வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருக்கச் சொல்லவா?"

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். டொராண்டோ, துபாய், சென்னை, அப்புறம் காரில் எட்டு மணி நேரம். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வாசலில் இறங்க முடியும். அதுவரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "எடுத்துடுங்கண்ணே" என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானேதான் சொன்னேன்.

டொராண்டோ விமான நிலையத்தில் காலை ஏழரை. அங்கே மாலை ஐந்து, தூக்கும் நேரம். அண்ணன் மகன் வீடியோவில் கூப்பிட்டுப் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். காதுக்குள் பறை முழங்குகிறது, எதிரே ஒரு குடும்பம் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறது. குளிப்பாட்டி, விபூதி பூசி, நெற்றியில் காசு வைத்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். என் மகளும் அந்த வரிசையில் நின்றிருக்க வேண்டும். அவளுக்குக் கனடா பாஸ்போர்ட், உடனே விசா கிடைக்க வழியில்லை. அவளையும் மனைவியையும் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வாய்க்கரிசி போடும்போது முகத்துக்குக் கிட்டே போனைக் கொண்டுபோனான் பிள்ளை. சரியாக அப்போது படம் நின்றுவிட்டது. கட்டம் கட்டமாக ஒரு மஞ்சள் நிறம், அவ்வளவுதான். மறுபடி அசைந்தபோது பாடை தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் தெளிப்புகூட முடிந்திருந்தது. அஸ்தியை மட்டும் அண்ணன் எனக்காக வைத்திருந்தார். மறுநாள் கோடியக்கரையில் இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைத்தோம். பானையைத் தூக்கிக் கொடுத்தது அண்ணன், சாய்த்தது நான். அது போதும் என்று நினைத்துக்கொண்டு கரையேறினேன். போதவில்லை. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும், "மொகம் பாத்தியாப்பா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். அன்பில் கேட்பதுதான், தெரியும். பதினாறு நாளும் அந்தக் கேள்விக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று.

திரும்பி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, பியோனா புயல் வந்தது.

இங்கே புயலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். 72 மணி நேரத்துக்கு வேண்டியதை வீட்டில் வைத்திருக்கச் சொல்லி அரசே அறிவுறுத்துகிறது. தண்ணீர், டார்ச், பேட்டரி, ரேடியோ எல்லாம் எடுத்து வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் 2003இல் வந்த ஹுவான் புயலைப் பார்த்தவர். பாயின்ட் பிளெசன்ட் பூங்காவில் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்ததைச் சொல்லிவிட்டு, "செப்டம்பரில் இலை உதிர்ந்திருக்காது. அதனால் காற்று மரத்தைப் பிடித்துக்கொள்ளும்" என்றார். எனக்கு வேறு யாரோ பேசுவது போல இருந்தது. காற்று பிடிக்கக் கூடாது என்றுதான் அப்பா புயலுக்கு முன்பே ஆள் விட்டுத் தென்னை மட்டையையும் குலையையும் கழிப்பார். 2018 நவம்பரில் கஜா வருவதற்கு முந்தின நாளும் கழித்தார். அப்படியும் அறுபத்திரண்டு மரத்தில் ஒன்பதுதான் நின்றது. எல்லாம் அவர் கையால் வைத்தவை.

கஜா அடித்த அந்த மூன்று நாள் நான் ஹாலிஃபாக்ஸில் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணன், சித்தப்பா, பால்காரர், யாருக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் அப்பாவே கூப்பிட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு, விழுந்த மரங்களின் மேல் அதைத் தூக்கித் தூக்கி வைத்துக் கடந்து, சிக்னல் கிடைக்கிற இடம் தேடிப் போயிருக்கிறார். "நாங்க நல்லாருக்கோம். தென்னதான் போச்சு. நீ சாப்புட்டியா?" நான் கத்தினேன். இந்த வயதில் சைக்கிளில் எதற்குப் போனீர்கள் என்று.

பியோனா சனிக்கிழமை விடிகாலை எங்கள் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கரையேறியது. கனடாவில் கரையைக் கடந்த புயல்களில் இவ்வளவு குறைந்த காற்றழுத்தம் அதற்கு முன் பதிவானதில்லை. மாகாணத்தில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் மின்சாரம் போனது. நியூஃபவுண்ட்லாந்தின் போர்ட் ஓ பாஸ்க்கில் கடல் வீடுகளையே இழுத்துக்கொண்டு போனது. எங்களுக்கு அவ்வளவு இல்லை. கொல்லைப்புற மேப்பிள் மரம் வேலியின் மேல் சாய்ந்தது. இரவு முழுதும் மகள் மெழுகுவத்தியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். என் போனில் சிக்னல் செத்துக் கிடந்தது. அப்பாவுடையதும் அணைந்துவிட்டது.

ஞாயிறு காலை அவளைக் கூட்டிக்கொண்டு சிட்டாடல் குன்றுப் பக்கம் நடந்தேன். வழியெல்லாம் மரம். அவளைத் தூக்கித் தூக்கி அந்தப் பக்கம் விட்டேன். குன்றில் பாதி ஏறியதும் போனில் ஒரு கோடு தெரிந்தது. முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டார்.

"நல்லாருக்கோம்மா. ஒரு மரம்தான் விழுந்திருக்கு. நீ சாப்பிட்டியா?"

"அதெல்லாம் இருக்கட்டும், ரெண்டு நாளா கையில போனோட உக்காந்திருக்கேன். மொகத்தக் காட்டு."

சிக்னல் தாங்காது என்று தெரியும். ஆனாலும் வீடியோவைப் போட்டு, மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, அசையாமல் நின்றேன்.

"தெரியுதாம்மா?"

"இரு, இரு. வருது."