‘கள்ள’ என்ற அடைமொழியும் ‘ஸ்லை’ என்ற ஆங்கிலச் சொல்லும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத் (பி.எஸ்.சி.) தேர்வுகளுக்கு ஆயத்தமாவோருக்கு வினாத்தாளைத் தமிழில் பெறும் வாய்ப்பு உண்டு. பொது ஆங்கிலப் பகுதியில் அந்தத் துணை கிடைக்காது. அப்பகுதியின் ஒருபொருட்சொல், எதிர்ச்சொல் வினாக்களில் தந்திரமான என்று பொருள்படும் ‘ஸ்லை’ (sly) என்ற சொல்லும் அதன் உறவினங்களும் நம்மவரைக் குழப்புவதை உடன் படித்தவர்களிடம் பலமுறை கண்டிருக்கிறேன்.

நம் தமிழிலும், சுற்றிலும் ஒலிக்கும் மலையாளத்திலும், ‘கள்ள’ என்ற ஓர் அடைமொழியே எல்லாவற்றுக்கும் போதும்: கள்ளச் சிரிப்பு, கள்ளப் பார்வை, கள்ள நோட்டு. ஆங்கிலமோ முதலாவதை ‘ஸ்லை’ என்றும், இரண்டாவதை ‘ஃபர்டிவ்’ என்றும், மூன்றாவதைக் ‘கவுன்டர்ஃபிட்’ என்றும் பிரித்து வைக்கிறது. மூன்றாவதில் யாரும் தவறுவதில்லை. சிக்கல் முதல் இரண்டில்தான்.

‘ஃபர்டிவ்’ என்பது திருடனைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. பிறர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சத்தோடு செய்யும் பார்வைக்கும் அசைவுக்கும் அது உரியது. ‘ஸ்லை’யில் அந்த அச்சம் இல்லை, உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே காட்டாத சாமர்த்தியமே இருக்கிறது, அதனால்தான் பிறர் அறியாத ஒன்றைத் தான் அறிந்தவர் குறும்பாகப் புன்னகைப்பதையும், மலையாளத்தார் ‘கள்ளச்சிரி’ என்று வாஞ்சையோடு சொல்வதையும், ‘ஸ்லை ஸ்மைல்’ என்ற தொடர் அப்படியே ஏந்திக்கொள்கிறது. சூழ்ச்சி மிக்க என்று பொருள்படும் ‘டிவியஸ்’ என்ற சொல்லைப் போட்டால் அந்த வாஞ்சை போய்விடும், ஏனெனில் அது பெரும்பாலும் கண்டனச் சொல். ஆகவே வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால், தெரிவுகளைப் பார்க்குமுன் அங்கே அச்சம் இருக்கிறதா, சாமர்த்தியம் இருக்கிறதா என்று பாருங்கள். சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு சொல்லையும் அது வழக்கமாகச் சேரும் பெயர்ச்சொல்லோடு எழுதிப் பழகுவதே பயன் தரும் என்பது என் கருத்து.

‘ஸ்லை’க்கு எதிர்ச்சொல்லாக, ஒளிவுமறைவற்ற என்று பொருள்படும் ‘ஃபிராங்க்’, ‘கேண்டிட்’ ஆகியவை எளிதில் பிடிபடும். ‘ஆர்ட்லெஸ்’ வந்தால் கலையறிவு இல்லாதவர் என்று எண்ணித் தள்ளிவிடுகிறார்கள். சூதுவாது அறியாதவர் என்பது அதன் முதன்மையான பொருள்களில் ஒன்று, ஆதலால் அதுவே விடையாக இருக்கலாம்.

எழுத்துப்பிழை வினாவில், ‘ஸ்லைலி’ (slyly) என்ற வினையடையில் ‘ஒய்’ எழுத்து ‘ஐ’ என்று மாறாமல் நிற்பதே இன்றைய வழக்கு. ஒப்பீட்டு வடிவத்தை ‘ஒய்’ கொண்டும் (slyer) ‘ஐ’ கொண்டும் (slier) எழுதலாம். ‘ஆன் தி ஸ்லை’ என்ற தொடருக்கு யாருக்கும் தெரியாமல் என்பது பொருள்.